டைப்பிங் வேலை, அப்புறம் வக்கீல் நோட்டீஸ்: கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பெண்கள் கவனத்துக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் மறுபடியும் சுற்றுகிறது. வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, முன்பணம் இல்லை, மாதம் 18,000 ரூபாய். அந்த வேலையை நான் செய்தேன். சம்பளத்துக்குப் பதிலாக மிரட்டல்தான் வந்தது.

முன்பணம் கேட்டால் ஏமாற்று என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அது அவர்களுக்கும் தெரியும். அதனால் ஒரு ரூபாய்கூடக் கேட்கமாட்டார்கள். ஆதார் நகல், போட்டோ வாங்கிக்கொண்டு, முத்திரைத்தாளில் அடித்ததுபோல ஓர் ஆங்கில ஒப்பந்தத்தை போனுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குவார்கள். மொத்த வியாபாரமும் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது.

வேலை என்னவென்றால், மங்கலான ஸ்கேன் படங்களைப் பார்த்துப் படிவங்களை நிரப்புவது. ஐந்து நாளில் 600 படிவம், 90 சதவீதம் பிழையில்லாமல் இருக்க வேண்டும். பூஜ்ஜியமா, ஓ என்ற எழுத்தா என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாத படங்கள். கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து முடித்தேன். கடைசி நாள் சாயங்காலம் லாகின் ஆகவில்லை. மறுநாள் 'குவாலிட்டி ரிப்போர்ட்' வந்தது: நான் தேறவில்லையாம். எந்தப் படிவத்தில் என்ன பிழை என்று கேட்டேன். காட்டவே இல்லை. ஒப்பந்தத்தை மீறிவிட்டேன், 5,900 ரூபாய் கட்டினால் ஒப்பந்தத்தை ரத்து செய்து என்.ஓ.சி. (பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று) தருவோம், இல்லாவிட்டால் கோர்ட் என்றார்கள்.

நான் கட்டவில்லை. உடனே சிங்கமுத்திரை போட்ட 'கோர்ட் நோட்டீஸ்' வாட்ஸ்அப்பில் வந்தது. பின்னாலேயே வக்கீல் என்று ஒருவர், நல்ல தமிழில் பேசினார். "உங்க கோயம்புத்தூர் ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு, நாளைக்கு வீட்டுக்கு போலீஸ் வரும்" என்றார். நான் இருப்பது பாலக்காடு ஜில்லாவில். தமிழ் பேசினால் தமிழ்நாடு என்று நினைத்துவிட்டார், பாவம். ஆனால் அதே போன் மாமியார் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கே நகை அடகுக்குப் போயிருக்கும். வீட்டில் யாருக்கும் தெரியாமல் பணம் கட்டிய இரண்டு பேர் எனக்குத் தெரியும். ஒருவரிடம், கட்டிய பிறகும் 'கோர்ட் செலவு' என்று மேலும் கேட்டிருக்கிறார்கள். பயப்படுகிறவர் என்று தெரிந்தால் விடமாட்டார்கள்.

சித்தூர் கோர்ட்டில் இலவச சட்ட உதவி கேட்டுப் போனேன். சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இந்த உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அங்கிருந்த வக்கீலம்மா நோட்டீஸை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. ஒப்பந்த மீறல் சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் வந்து கைது செய்யாது என்றார். ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், அதுவும் கேஸ் நடந்து கோர்ட் தீர்ப்புச் சொன்னால். வக்கீல் நோட்டீஸ் என்பது கோர்ட் உத்தரவும் அல்ல. கோர்ட்டிலிருந்து நிஜமாகவே சம்மன் வந்தால் மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது, அதை எடுத்துக்கொண்டு தன்னிடம் வரச் சொன்னார்.

எனக்கு அதிகக் கோபம் அந்தக் கும்பல்மேல்கூட இல்லை. இந்த விளம்பரத்தை எங்கள் குழுவில் போட்டது தெரிந்த அக்கா ஒருவர். ஆளுக்கு 200 ரூபாய் கமிஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். வேலை செய்து சம்பளம் வாங்கிய ஒருவரையாவது நேரில் பார்க்காமல் நாற்பது பேருக்கு அனுப்பியிருக்கிறார். கமிஷனும் வரவில்லை, அவருக்கும் அதே நோட்டீஸ் வந்தது.

இப்போது யாராவது வேலை இருக்கிறதா என்று என்னிடம் கேட்டால், மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் தளத்திலும், கேரள அரசின் நாலெட்ஜ் எகானமி மிஷன் தளத்திலும் பதிவு செய்யச் சொல்கிறேன். இரண்டும் இலவசம். உடனே வேலை கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். வெளியிலிருந்து வரும் வேலையாக இருந்தால் ஒப்பந்தத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். பிழை இருந்தால் சம்பளம் குறையும் என்றிருந்தால் பேசிப் பார்க்கலாம். நீங்கள் அவர்களுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு வரி இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் எதையும் அழித்துவிடாதீர்கள். மெசேஜ், அழைத்த எண், பணம் அனுப்பச் சொன்ன கணக்கு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். பணம் போயிருந்தால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்திவைக்க வழியிருக்கும்.