வீட்டுக் குளூட்டன் சோதனைக் கிட்: மாவு மில்லுக்கு நல்லது, ஹோட்டலுக்கு வேண்டாம்

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி போன முறை திருச்சி வந்தபோது ஒரு சின்ன அட்டைப் பெட்டி கொண்டுவந்தான். உள்ளே சோதனைப் பட்டைகள், மூடி போட்ட குட்டிக் குப்பிகள், ஒரு கரண்டி, சொட்டு விடும் குழாய்கள். உணவில் குளூட்டன், அதாவது கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் புரதம், இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமாம். கணக்குப் பார்த்தால் ஒரு சோதனைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. மகளுக்கு சீலியாக் (குளூட்டன் பட்டால் குடலே கெட்டுப்போகும் நோய்) என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் சமையலறையில் யூகத்தில்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் விலையைப் பார்க்காமல் பயன்படுத்தத் தொடங்கினேன். நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகுறை இந்த வகைக் கிட் எல்லாவற்றுக்குமே ஏறக்குறைய பொருந்தும்.

செய்முறை எளிது. கோவிட் காலத்தில் வீட்டில் மூக்குச் சளி எடுத்துப் பார்த்தவர்களுக்குப் பழக்கமானதுதான். உணவை நன்றாகப் பொடித்து ஒரு கரண்டி எடுத்து முதல் குப்பியில் போட்டுக் குலுக்க வேண்டும். மாவு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரில் சில சொட்டு எடுத்து இரண்டாவது குப்பியில் விட்டு, அதில் பட்டையை நிறுத்த வேண்டும். பத்து நிமிடத்தில், பட்டை சரியாக வேலை செய்தது என்பதற்கு அடையாளமான கட்டுப்பாட்டுக் கோடு தெரியும். குளூட்டன் இருந்தால் அதன் கீழே இன்னொரு கோடும் வரும். எத்தனை சொட்டு விடுகிறோம் என்பதைப் பொறுத்து 20 பிபிஎம் அளவிலோ 5 பிபிஎம் அளவிலோ பார்க்கலாம். விளக்கத் தாளின் எழுத்து எறும்பு அளவு. கண்ணாடி போடாமல் படிக்க முடியாது.

சரி, அந்த 20 என்ன கணக்கு? ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராம் குளூட்டன், அவ்வளவுதான். பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2008-இல் இதை எல்லையாக வைத்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2013-இல் அதையே எடுத்துக்கொண்டது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதியிலும் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட 20-க்கு மேல் போகக் கூடாது. 20-லிருந்து 100 வரை இருந்தால் ‘லோ குளூட்டன்’. ஆஸ்திரேலியாவில் பிடி இன்னும் இறுக்கம்: சோதனையில் குளூட்டன் தென்படவே கூடாது.

எண்ணாகச் சொன்னால் மனதில் பிடிபடாது. துவரம்பருப்பை வைத்துப் பாருங்கள். ஒரு கோதுமை மணி சுமார் 40 மில்லிகிராம் எடை. அதில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்தால் 4 மில்லிகிராம். அப்படியானால் ஒரு கிலோ பருப்பில் ஐந்து கோதுமை மணி கலந்திருந்தாலே 20-ஐத் தொட்டுவிடும். எங்கள் அத்தை முறத்தில் பருப்பைப் பரப்பிப் பொறுக்கும்போது கல்லோடு சேர்த்துக் கோதுமையையும் பொறுக்குவார். ஆயிரம் ரூபாய்ப் பட்டையைவிட இதில் அந்த முறத்துக்குத்தான் என் ஓட்டு. ஏனென்றால் பட்டைக்கு நாம் கொடுப்பது ஒரே ஒரு கரண்டி. அந்த ஐந்து மணியில் ஒன்றுகூட அந்தக் கரண்டியில் வராவிட்டால் ‘சுத்தம்’ என்று சொல்லிவிடும். பருப்பைப் பார்ப்பதென்றால் மொத்தமாக அரைத்துக் கலந்த பிறகுதான் பார்க்க வேண்டும்.

உடம்புக்கு முக்கியம் பிபிஎம் இல்லை, ஒரு நாளில் மொத்தமாக உள்ளே போகும் மில்லிகிராம். 2007-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வை எங்கள் டாக்டர் சொல்லித்தான் தெரியும். கார்லோ கட்டாசியின் குழு, ஏற்கெனவே பத்தியத்தில் இருந்த 49 சீலியாக்காரர்களுக்கு 90 நாள் கேப்சூல் கொடுத்தது. சிலருக்குத் தினம் 50 மில்லிகிராம் குளூட்டன், சிலருக்கு 10, சிலருக்கு வெறும் கேப்சூல். 50 எடுத்தவர்களின் குடல் உறிஞ்சிகள் பாதிக்கப்பட்டன. 10 எடுத்தவர்களில் ஒருவருக்கு நோய்க்குறிகள் திரும்ப வந்துவிட்டன. ஆக, 10-க்குள் இருந்தால் பெரும்பாலோருக்குத் தாங்கும், எல்லாருக்கும் என்று சொல்ல முடியாது. 20 பிபிஎம் உணவை அரைக் கிலோ சாப்பிட்டால் அந்த 10 வந்துவிடும். எல்லையை 20-இல் வைத்ததற்குப் பின்னால் இந்த மாதிரிக் கணக்குதான் இருக்கிறது. அந்த அளவை நம்பகமாக அளக்க முடியும் என்பதும் ஒரு காரணம்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மில்லுக்குப் போனேன். எங்கள் தெருமுனை மில்லில் கேழ்வரகு, கோதுமை, அரிசி எல்லாம் ஒரே கல்லில்தான். "அண்ணா, கோதுமை அரைச்ச உடனே என் கேழ்வரகைப் போடாதீங்க" என்றால், "அதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசி போட்டு ஓட்டிட்டுத்தான் போடுவேன்மா, கவலைப்படாதீங்க" என்பார். நல்ல மனிதர். சொன்னபடி செய்யவும் செய்கிறார். அந்த மாவைக் கொண்டுவந்து 20 அளவில் வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டாவது கோடு அழுத்தமாக, மருதாணி வைத்த மாதிரி எழுந்து நின்றது. அடுத்த முறை ஒரு கிலோ அரிசியை முதலில் ஓடவிட்டு, அதை வீட்டுக்கு எடுக்காமல் மில்லிலேயே விட்டுவிட்டு, பிறகு கேழ்வரகு அரைத்தோம். கோடு மங்கியது, போகவில்லை.

ஏன் போகவில்லை என்பது கணக்குப் போட்டால் புரியும். கல்லின் பள்ளத்திலும், மாவு இறங்கும் துணிக் குழாயிலும் பத்து கிராம் கோதுமை மாவு ஒட்டியிருந்தால் போதும். அதில் ஒரு கிராம் குளூட்டன். அது ஒரு கிலோ கேழ்வரகில் கலந்தால் 1000 பிபிஎம். என் மகள் கூழும் அடையுமாக ஒரு நாளில் 150 கிராம் மாவு சாப்பிடுகிறாள் என்றால் 150 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அந்த ஆய்வில் குடலைக் கெடுத்த அளவைப் போல மூன்று மடங்கு. சிறுதானியம், பாரம்பரியம், கோதுமை வாசமே கிடையாது என்று நாம் நிம்மதியாக ஊட்டுவது இந்த மாவைத்தான்.

வீட்டில் வைக்கும் சின்ன மாவு மெஷினை வாங்கி, கோதுமை அதன் பக்கமே வரக்கூடாது என்று வைத்துவிட்டோம். அதில் அரைத்த மாவு 5 அளவிலும் கோடு காட்டவில்லை. கிட்டுக்குச் செலவழித்த காசு எனக்கு இந்த ஓர் இடத்திலேயே கழிந்துவிட்டது.

அடுத்தது பெருங்காயம். டப்பாவில் இருப்பது கூட்டுப் பெருங்காயம். பிசினோடு கருவேல வகைக் கோந்தும் மாவும் சேர்த்துத்தான் செய்வார்கள், சட்டமே அதை அனுமதிக்கிறது. அந்த மாவு பல டப்பாக்களில் கோதுமை. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வீட்டில் இருந்த கோதுமை மாவுப் பெருங்காயத்தை முதலில் சோதித்தபோது வேடிக்கை நடந்தது. கோடு தெரிந்தும் தெரியாமலும் வெளிறிப்போய் வந்தது. குளூட்டன் அளவுக்கு மீறி இருந்தால் பட்டை திணறி, இல்லை என்பதுபோலக் காட்டும் என்று விளக்கத் தாளின் கடைசியில் இருக்கிறது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டிய விஷயம் அது. அந்தப் பெருங்காயத்தைச் சுத்தமான அரிசி மாவில் நன்றாகக் கலந்து நீர்க்கவைத்து மறுபடி பார்த்தேன், கோடு அழுத்தமாக வந்தது. அரிசி மாவு சேர்த்த இன்னொரு டப்பாவில் கோடே இல்லை.

"ஒரு சிட்டிகைதானேடி, அதுல என்ன வந்துடப்போகுது" என்றார் அத்தை. நியாயமான கேள்விதான், அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். கால் கிராம் பெருங்காயம், அதில் பாதி கோதுமை மாவு, அதில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்றால் சுமார் 12 மில்லிகிராம். நான்கு பேர் சாப்பிடும் சாம்பார் என்றால் தலைக்கு 3. ஒரு லிட்டர் சாம்பாருக்கு 12 பிபிஎம்தான் வரும், 20-க்குக் கீழே! ஆனால் அதே சிட்டிகை ரசத்திலும் விழுகிறது, மோரிலும் விழுகிறது, ஊறுகாயிலும் இட்லிப் பொடியிலும் இருக்கிறது. மூன்று மூன்றாகச் சேர்ந்தால் சாயங்காலத்துக்குள் 10 தாண்டிவிடும். அத்தை ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாள் அஞ்சறைப்பெட்டிப் பக்கத்தில் அரிசி மாவு டப்பா மட்டும்தான் இருந்தது.

இனி குறைகள். புளிக்கவைத்த பொருளில் இந்தப் பட்டையை நம்பக் கூடாது. நொதிக்கும்போது குளூட்டன் சின்னச் சின்னத் துண்டாக உடைந்துவிடுகிறது. பட்டை பிடிப்பதற்கு முழுத் துண்டு வேண்டும். கோதுமை சேர்த்துச் செய்த சோயா சாஸில் கோடு வராமல் போகலாம், அதனால் அது பாதுகாப்பு என்று ஆகிவிடாது. ஆய்வகங்களுக்கே இது தலைவலி. எஃப்டிஏ 2020-இல் இதற்கென்று தனி விதி போட்டு, நொதிக்கவைக்கும் முன் மூலப்பொருள் சுத்தமாக இருந்ததற்கு ஆவணம் வைத்திருங்கள் என்று தயாரிப்பாளர்களிடம் கேட்டது. நானும் அதே வழிதான்: இட்லி மாவைச் சோதிப்பதில்லை, ஊறவைக்கும் முன் அரிசியையும் உளுந்தையும் பார்க்கிறேன். பார்லி மால்ட் பானங்களைச் சோதிக்கவே வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

சாக்லேட், காபி போன்றவற்றில் இருக்கும் பாலிஃபீனால்கள் குளூட்டனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குத் தனிக் கரைசல் வேண்டும், என் பெட்டியில் அது இல்லை.

ஹோட்டலுக்குக் கொண்டுபோகலாமா? ஒருமுறை கொண்டுபோனேன். டேபிளில் குப்பியைக் குலுக்கிக்கொண்டிருந்தால் சர்வர் ஏதோ மருந்து என்று வெந்நீர் கொண்டுவந்து வைக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வார்க்கிறார்கள். அதன் ஒரு ஓரம் சுத்தமாக இருக்கும், நடுவில் ரவை ஒட்டியிருக்கும். நான் கிள்ளிப்போட்ட துண்டு தோசை முழுவதுக்கும் சாட்சி சொல்ல முடியாது. பத்து நிமிடத்தில் தோசையும் ஆறிவிடும். மகளுக்கு வெளியில் இட்லி, அதுவும் தேங்காய்ச் சட்னியோடு, சாம்பார் வேண்டாம் என்பதுதான் எங்கள் வழக்கம். அதை மாற்றும் அளவுக்கு இந்தக் கிட்டில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, எவ்வளவு என்ற எண்ணைப் பட்டை சொல்லாது. எல்லைக்கு மேலா கீழா, அவ்வளவுதான். எண் வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற உணவு ஆய்வகத்தில் எலைசா முறையில்தான் பார்க்க வேண்டும். இந்தக் கிட் நம் ஊர்க் கடையில் கிடைப்பதும் இல்லை. 2016-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் சீலியாக், தெற்கே ஆயிரத்தில் ஒருவர் என்று இருந்தது. ஆயிரத்தில் ஒருவருக்காக எந்த மருந்துக் கடை இதை வாங்கி அடுக்கும்?

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. தினமும் தட்டைச் சோதிக்க வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மில், பெருங்காயம், மசாலாப் பொடி, சில்லறையில் வாங்கும் மாவு என்று திரும்பத் திரும்பப் பயன்படும் பொருள்களை ஒருமுறை தீர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் வாங்கலாம். ரத்தத்தில் டிடிஜி (சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் அளவு) குறையாமல் நிற்கிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் சொல்வேன். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் காலாவதி தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சேர்த்து வாங்கி இரண்டு குடும்பம் பிரித்துக்கொள்வது நல்லது. தேதி முடிவதற்குள் ஒரு பெட்டியை ஒரே வீட்டில் தீர்ப்பது கஷ்டம்.