பணி மேசைக்குத் திரும்பும் நீதிபதிகள்: 224ஏ பிரிவு குறித்து ஒரு மதிப்புரை

உயர் நீதிமன்றத்தில் தம் குற்றவியல் மேல்முறையீடு எப்போது பட்டியலில் வரும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவரின் பக்கம் நின்றுதான் அரசியலமைப்பின் 224ஏ பிரிவை எடைபோட விரும்புகிறேன். 1963இல் 15ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட இப்பிரிவின்படி, உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, குடியரசுத் தலைவரின் முன் இசைவைப் பெற்று, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை மீண்டும் வந்து அமரும்படி கேட்டுக்கொள்ளலாம். அவர் சம்மதித்தால்தான் உண்டு.

ஏற்பாடு நல்லது; பயன்பாடோ மிகச் சொற்பம். 2021 ஏப்ரல் 20 அன்று லோக் பிரஹரி என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிமுறைகளை வகுத்தபோது சுட்டிய முன்னுதாரணங்கள் மூன்றே; அவற்றுள் ஒன்று 1982இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மீண்டும் அழைக்கப்பட்ட நீதிபதி பி. வேணுகோபாலுடையது. ஒரு நீதிமன்றத்துக்கு 2 முதல் 5 பேர், பொதுவாக 2 அல்லது 3 ஆண்டுகள் என்று அத்தீர்ப்பு வரையறுத்தது.

ஊதியத்தை அது நிர்ணயித்த விதம்தான் என்னை உறுத்துகிறது. நிரந்தர நீதிபதிக்குரிய சம்பளமும் படிகளும் உண்டு, ஆனால் ஓய்வூதியம் கழிக்கப்படும். மாதச் சம்பளம் 2,25,000 ரூபாய், முழு ஓய்வூதியம் ஆண்டுக்கு 13,50,000 ரூபாய் என்னும்போது, படிகளைத் தவிர்த்துப் பார்த்தால், கூடுதலாகக் கைக்கு வருவது மாதம் 1,12,500 ரூபாய்தான். அப்படி மீண்டும் பணியாற்றும் காலத்தில் சட்ட ஆலோசனை வழங்கவோ ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்க்கும்) வழக்குகளை நடத்தவோ கூடாது. இத்தடை மிகச் சரியானது. தீர்ப்பு எழுதும் கை வேறெங்கும் கட்டணம் வாங்கக் கூடாது. ஆயினும், ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் நான்காம் அட்டவணை ஒரே ஒரு பெரிய வழக்குக்கு 30 லட்சம் ரூபாய் வரை மாதிரிக் கட்டணம் காட்டும்போது, ஆண்டு முழுவதும் உழைத்துக் கூடுதலாகப் பெறும் 13.5 லட்சத்துக்காகத் திரும்பி வருபவரிடம் நாம் எதிர்பார்ப்பது தியாகத்தையே.

உச்ச நீதிமன்றத்தின் 2025 ஜனவரி 30 உத்தரவு, இப்படி அழைப்பதற்கு உயர் நீதிமன்றக் காலியிடங்கள் 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டும் என்று 2021 தீர்ப்பு விதித்த நிபந்தனையை நிறுத்திவைத்துக் குற்றவியல் மேல்முறையீடுகளுக்கு வழி திறந்தது. அதை மனமார வரவேற்கிறேன். அதே உத்தரவு, வருபவர் பணியிலிருக்கும் நீதிபதி ஒருவரின் தலைமையிலான அமர்வில்தான் அமர வேண்டும் என்றும் சொன்னது. இருபதாண்டு பழைய சாட்சியத்தைத் தனியாகப் படித்து முடிவெடுக்கத் தகுதியுள்ளவரை இப்படி அமர்த்தினால், புதிதாக ஓர் அமர்வு கிடைப்பதில்லை, இருக்கும் அமர்வில் ஓர் இருக்கைதான் நிரம்புகிறது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்நிபந்தனையைத் தளர்த்தியது நல்லது. ஓய்வூதியக் கழிவையும் கைவிட்டால், இந்தச் சேவையை எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.