எல்லாக் கட்சிக்கும் ஏன் ஒரே பெயர்? பதில் இருக்கும் தளம்

கம்யூனிஸ்ட் கட்சிகளைப் பற்றி இணையத்தில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் வசவு, இல்லாவிட்டால் வாழ்த்து. அந்தக் கட்சிக்காரர்களே என்ன பேசினார்கள், எதை எழுதிவைத்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் மார்க்சிஸ்ட்ஸ் இணைய ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். தன்னார்வலர்கள் நடத்தும் தளம். காசு வேண்டாம், விளம்பரம் இல்லை, பதிவு செய்யச் சொல்லித் தொந்தரவும் இல்லை.

பிரான்ஸ், சீனா, சிலி, ஜப்பான் என்று எங்கே பார்த்தாலும் ஏன் ஒரே அச்சில் வார்த்த மாதிரி பெயர் என்ற சந்தேகத்தோடுதான் நான் போனேன். உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளை ஒன்றிணைத்த அமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாவது மாநாடு, அதில் சேர வேண்டுமானால் என்று 1920இல் ஏற்ற 21 நிபந்தனைகளும் அங்கே முழுசாக இருக்கின்றன. 17ஆவதைப் படியுங்கள்: சேர விரும்பும் கட்சி தன் பெயரை மாற்றி, இன்ன நாட்டின் கம்யூனிஸ்ட் கட்சி என்று வைத்துக்கொண்டு, அடைப்புக்குறிக்குள் அகிலத்தின் கிளை என்றும் போட வேண்டும். இது வெறும் சடங்கல்ல, அரசியல் முக்கியத்துவம் உள்ளது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். இந்த நிபந்தனைகளை வைத்துத்தான் கட்சிகள் உடைந்தன. பிரான்சில் 1920 டிசம்பரில் தூர் நகரில் சோஷலிஸ்டுகளில் பெரும்பான்மையினர் அகிலத்தின் பக்கம் போக, அடுத்த மாதமே இத்தாலியின் லிவோர்னோவில் நேர் எதிராக, சிறுபான்மையினர்தான் வெளியேறித் தனிக்கட்சி கண்டார்கள். அகிலம் 1943இல் கலைந்த பிறகே அந்தக் கட்சி, 'இத்தாலியின் கம்யூனிஸ்ட் கட்சி' என்பதை விட்டு 'இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி' என்று நாம் அறிந்த பெயருக்கு மாறியது.

குறை இல்லாமல் இல்லை. அண்மைக்காலக் கட்சிகளைப் பற்றித் தேடினால் அவ்வளவாகக் கிடைக்காது. பதிப்புரிமையும் ஒரு தொல்லை: மார்க்ஸ், எங்கெல்ஸ் ஆங்கிலத் தொகுப்பு நூல்களை 2014இல் பதிப்பகம் கேட்டுக்கொண்டதால் எடுக்க வேண்டியதாயிற்று. தொழிலாளிக்காக எழுதியதைத் தொழிலாளி இலவசமாகப் படிக்கக் கூடாதா? எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அப்புறம், தேடல் பெட்டியில் எதையாவது தட்டிக்கொண்டிருக்காமல், அகிலத்தின் வரலாற்றுப் பகுதிக்குப் போய் அந்த இரண்டாவது மாநாட்டு நடவடிக்கைக் குறிப்பை அமர்வு அமர்வாகப் படியுங்கள். காலனி நாடுகள் பற்றிய விவாதத்தில், மெக்சிகோ கட்சியின் பிரதிநிதியாக வந்த இந்தியப் புரட்சியாளர் எம். என். ராய், லெனினோடும் தன்னோடும் இத்தாலிய சோஷலிஸ்ட் தலைவர் செராட்டி முரண்படுவதைப் பார்த்து, எங்கள் ஆய்வுரைகளை (மாநாட்டில் முன்வைத்த கொள்கை வரைவுகளை) எதிர்ப்புரட்சி என்கிறாரே என்று குறைபடுகிறார். செராட்டி அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுக்கிறார். பிறகு இத்தாலியில் பழைய பெயரை விட மாட்டேன் என்று நின்றவரும் இதே செராட்டிதான்.