சுண்டுவிரலைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்: கோடிங்குக்கு எந்தக் கீபோர்டு?

கீபோர்டு வாங்க நினைக்கும் புரோகிராமர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் அடியில் இருக்கும் தனி ஸ்விட்ச் சிவப்பா, பழுப்பா, நீலமா? மைக்கைப் பக்கத்தில் வைத்துத் தட்டிக் காட்டுகிற யூடியூப் வீடியோக்கள் அந்த ஆசையை இன்னும் கிளறிவிடுகின்றன. ஸ்விட்சுக்கு அப்புறம் வருகிறேன். நாள் முழுக்கத் தட்டுகிற கைக்கு அதைவிட முக்கியமானது, எந்த விரலுக்கு எவ்வளவு வேலை என்பது.

நாம் பயன்படுத்தும் அமெரிக்க அமைப்பை ஒருமுறை உற்றுப் பாருங்கள். எழுத்துகளுக்கு வலப்பக்கம் இருப்பதெல்லாம் வலது சுண்டுவிரலின் தலையில்தான் விழுகிறது. செமிகோலன், மேற்கோள், சதுர அடைப்பு, நெளிவு அடைப்பு, ஹைஃபன், சமக்குறி, என்டர், பேக்ஸ்பேஸ் என்று பட்டியல் நீளும். கடிதம் எழுதுகிறவருக்கு இவற்றில் பாதி எப்போதாவதுதான் தேவைப்படும். ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கோ வரிக்கு வரி வேண்டும். இடது சுண்டுவிரலுக்கு ஷிஃப்ட், டேப், கண்ட்ரோல். வலுக் குறைந்த விரலுக்கு இத்தனை வேலை. இரண்டு கட்டைவிரல்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்பேஸ்பார்!

ஆதியில் இப்படி இல்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டில் கண்ட்ரோல், ஏ எழுத்துக்கு இடப்பக்கத்திலேயே இருந்தது. கோடு எழுதப் பயன்படும் விம் எடிட்டருக்கு முன்னோடியான விஐ-யைப் புரோகிராமர் பில் ஜாய் எழுதிய ஏடிஎம்-3ஏ டெர்மினலிலும் அப்படித்தான். போதாததற்கு எஸ்கேப் கீயும் இன்றைய டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. விம்மில் எஸ்கேப்புக்காக நாம் மூலைக்கு ஓடுகிறோமே, அந்த ஓட்டம் அவருக்கு இருக்கவில்லை. பிறகு ஐபிஎம்மின் 101 கீ அமைப்பு வந்தது. கண்ட்ரோல் கீழ் மூலைக்குப் போனது, அந்த நல்ல இடத்தில் கேப்ஸ் லாக் உட்கார்ந்துகொண்டது.

ஆகவே எதையும் வாங்கும் முன் கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றிப் பாருங்கள். மேக்கில் கீபோர்டு செட்டிங்ஸிலேயே வழி இருக்கிறது, விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் செயலி போதும். காசு செலவில்லை. சிலருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். அவர்கள் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம்.

மற்றவர்களுக்கு மூன்று வழிகள்: வழக்கமான நேர்க் கீபோர்டு, ஒரே துண்டாக வளைந்த கீபோர்டு, இரண்டாகப் பிரிந்த கீபோர்டு. ஒப்பிடும்போது மணிக்கட்டின் மூன்று வளைவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கைகள் நடுவில் ஒடுங்குவதால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகத் திரும்புகிறது. உள்ளங்கையைத் தரையைப் பார்த்துக் கவிழ்ப்பதால் முன்கை முறுக்கிக்கொள்கிறது. கீபோர்டின் பின்கால்களை நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி மடிகிறது. கடைசி வளைவுக்கு மருந்து எளிது: அந்தக் கால்களை இப்போதே மடக்கிவிடுங்கள்.

நேர்க் கீபோர்டில் முதலில் தீர்மானிக்க வேண்டியது நம்பர் பேடு. கணக்கு எழுதுகிறவருக்கு அது தேவை. கோடிங் செய்கிறவருக்கு அதனால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: மவுஸ் ஒரு சாண் தள்ளிப் போகிறது, வலது தோள் நாளெல்லாம் விரிந்தே நிற்கிறது. நம்பர் பேடு இல்லாத டிகேஎல் அளவுக்கு மாறுவதுதான் இந்த வகையில் கிடைக்கும் மிகப் பெரிய சுகம் என்பேன். கீக்ரான் போன்ற நிறுவனங்களின் கீபோர்டுகள் பல விலைகளில் இருக்கின்றன. சென்னையின் டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் தயாரிக்கும் கோல்டு கீபோர்டுக்கு நம் ஊரில் ஒரு ரசிகர் கூட்டமே உண்டு. செர்ரி நிறுவனத்தின் நீல ஸ்விட்ச், உறுதியான உடம்பு. ஆனால் முழு அளவு, சத்தமும் அதிகம். ஓபன் ஆபீசில் அதை வைத்துக்கொண்டு நட்பைக் காப்பாற்றுவது கஷ்டம்.

இனி ஸ்விட்ச். செர்ரி எம்எக்ஸ் சிவப்புக்கு 45 சென்டிநியூட்டன் அழுத்தம், கருப்புக்கு 60. இரண்டிலும் 2 மில்லிமீட்டர் அழுத்தியதுமே எழுத்து பதிவாகிவிடும். மொத்த ஆழம் 4. அடிவரை குத்த வேண்டியதில்லை என்பதுதான் மெக்கானிக்கலின் உண்மையான லாபம். அடிவரை குத்துகிற பழக்கம் போகாவிட்டால் எந்த நிறம் வாங்கியும் விரலுக்கு நிம்மதி இல்லை. கை ஏற்கெனவே வலிக்கிறதென்றால் லேசான சிவப்பு. வலியில்லையென்றால் காதுக்குப் பிடித்ததை வாங்குங்கள். இதற்கு மேல் அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

இந்த வகையின் விசித்திரப் பிறவி ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு. ஜப்பானியக் கணினி அறிஞர் எய்ட்டி வாடாவின் யோசனையில் 1996-இல் பிஎஃப்யூ நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்க அமைப்பில் வெறும் 60 கீகள், கண்ட்ரோல் பழைய இடத்திலேயே, ஆரோ கீகளே கிடையாது. விம் ஆட்களுக்கு அது சொர்க்கம். ஆரோ கீயைத் தேடிப் பழகியவருக்கு அதே கீபோர்டு தண்டனை. என்ன இருந்தாலும் இதுவும் நேர்க் கீபோர்டுதான். கைகள் நடுவில் ஒடுங்குவது இதிலும் மாறவில்லை.

வளைந்த ஒற்றைத் துண்டு வகைக்கு வழிகாட்டி 1994-இல் வந்த மைக்ரோசாஃப்ட் நேச்சுரல். இன்று கடையில் எளிதாகக் கிடைப்பது லாஜிடெக் எர்கோ கே860. நடுவில் மேடு, இரு பக்கமும் சரிவு, முன்பக்கம் மெத்தென்ற கைத்தாங்கி. உள்ளங்கைப் பக்கத்தை உயர்த்தி, கீபோர்டை 4 அல்லது 7 டிகிரி எதிர்ப்பக்கமாகச் சாய்க்கவும் முடியும். மணிக்கட்டின் மூன்று வளைவுகளையும் கொஞ்சம் கொஞ்சம் தணிக்கிறது; புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. தவறான கையால் நடு எழுத்துகளைத் தட்டுகிறவர்கள் மட்டும் சில நாள் தடுமாறுவார்கள்.

குறை என்ன? நம்பர் பேடு ஒட்டியே வருகிறது, கழற்ற முடியாது. மவுஸ் மறுபடியும் தூரம். சரிவும் இடைவெளியும் நிறுவனம் வைத்த அளவுதான். அகன்ற தோள் கொண்டவருக்கு அது போதாது. சுண்டுவிரலின் சுமையும் அப்படியே இருக்கிறது.

இரண்டாகப் பிரிந்தவற்றில் நான் கைகாட்டுவது முதலில் கினெசிஸ் ஃப்ரீஸ்டைல்2-ஐத்தான். வழக்கமான கீபோர்டை நடுவில் வெட்டி வைத்ததுபோல் இருக்கும். இரண்டு பாதிகளையும் 9 அங்குலம் வரை விலக்கலாம். 20 அங்குலம் விலக்கும் மாடலும் உண்டு. தோள் அகலத்துக்குக் கைகள் நேராக நீண்டதும் மணிக்கட்டு தானாக நிமிர்ந்துவிடும். தனியாக விற்கும் தாங்கிகளை மாட்டினால் 5, 10, 15 டிகிரி கூடாரம்போல் உயர்த்திக்கொள்ளலாம். முன்கையின் முறுக்கும் தளரும். நம்பர் பேடு இல்லை. தனி ஸ்விட்சுகளுக்குப் பதில் அடியில் ஒரே படலம் உள்ள மெம்பரேன் வகை என்று மெக்கானிக்கல் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குக் கீக்ரான் க்யூ11 இருக்கிறது, ஆனால் அதில் கூடாரச் சரிவு கிடைக்காது.

சுண்டுவிரலுக்கு நிஜமான விடுதலை வேண்டுமானால் செங்குத்து வரிசை கொண்ட பிரிகீபோர்டுக்குத்தான் போக வேண்டும். சாதாரணக் கீபோர்டில் வரிசைகள் ஒன்றுக்கொன்று விலகிச் சரிந்திருப்பது 1870-களின் தட்டச்சு இயந்திரத்திலிருந்து வந்த பழக்கம்; உள்ளே இருந்த நெம்புகோல்களுக்கு இடம் விட வேண்டியிருந்தது. கினெசிஸ் அட்வான்டேஜ் வகை அதைத் தூக்கி எறிந்தது. கீகள் கிண்ணம்போல் குழிந்த பள்ளத்தில் நேர்நேராக நிற்கின்றன. பேக்ஸ்பேஸ், டிலீட், என்டர், கண்ட்ரோல், ஆல்ட் எல்லாம் கட்டைவிரலுக்கு வந்துவிடுகின்றன. சதுர அடைப்புகள் கீழ் வரிசைக்கு இறங்குகின்றன. நெடுநாள் அட்வான்டேஜின் இரு பக்கமும் ஒரே உடம்பில் இருந்தன. அட்வான்டேஜ்360-இல் இரண்டு தனித் துண்டுகள். இசட்எஸ்ஏ நிறுவனத்தின் மூன்லேண்டர் தட்டையானது, 72 கீகள், எந்தக் கீ என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

இதற்கு விலை பணம் மட்டுமில்லை. மூன்லேண்டரின் விலை 365 டாலர். இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்கம் தனி. அதைவிடக் கஷ்டம் முதல் சில வாரங்கள். சி, எக்ஸ், பி எல்லாம் இடம் மாறியதுபோல் தோன்றும், வேகம் படுத்துவிடும். ரிலீஸ் நெருங்கும் வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள். அடிக்கடி லேப்டாப்பிலும் தட்ட வேண்டியவர்களுக்கு இரண்டு பழக்கங்களும் மோதிக்கொண்டே இருக்கும்.

என் பரிந்துரை இதுதான். வலி இல்லை என்றால் டிகேஎல் வாங்கிக் கேப்ஸ் லாக்கை மாற்றிக்கொள்ளுங்கள். தோளோ மணிக்கட்டோ முணுமுணுக்கிறது என்றால் ஃப்ரீஸ்டைல்2 போன்ற வழக்கமான அமைப்புள்ள பிரிகீபோர்டு. பத்தில் எட்டுப் பேருக்கு நான் இதைத்தான் சொல்வேன். கே860, பிரித்து வைக்க மேசையில் இடமில்லாதவருக்கு. அட்வான்டேஜும் மூன்லேண்டரும் சுண்டுவிரல் நிஜமாகவே அடிவாங்கியவருக்கும், நாள் முழுக்க ஈமாக்ஸ் எடிட்டரில் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறவருக்கும். விரல் மரத்துப்போகிறது, இரவில் குறுகுறுப்பு எழுப்புகிறது என்றால் கடைக்கு முன் மருத்துவரிடம் போங்கள்.

தமிழ்99 விசை அமைப்பில் தட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ச, ஞ இரண்டும் சதுர அடைப்புகளின் கீகளில் இருக்கின்றன. ய மேற்கோள் கீயில், ந செமிகோலனில், ழ சாய்கோட்டில். இசட்எஸ்ஏ வாயேஜர் போல 52 கீகளே உள்ளவற்றில் சதுர அடைப்புகளுக்குத் தனிக் கீ இல்லாமல் வேறு அடுக்கில், அதாவது இன்னொரு கீயின் உதவியோடு மட்டும் திறக்கும் அமைப்பில், ஒளிந்திருக்கும். கோடிங்கின்போது அது பழகிவிடும். "சரி" என்று தட்ட ஒவ்வொரு முறையும் அடுக்கு மாற்ற வேண்டியிருந்தால் எரிச்சல்தான் வரும். அட்வான்டேஜில் சகரம் கீழ் வரிசைக்கு இறங்கினாலும் தனிக் கீயாக இருக்கிறது, சமாளிக்கலாம். ஆர்டர் போடும் முன் அந்த மாடலின் படத்தைத் திறந்து சதுர அடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.