ஐ20 என் லைன்: கிருஷ்ணகிரி, ஓசூர் பனிமூட்டத்தில் ஓட்டிய அனுபவம்

ஸ்போர்ட்ஸ் ரகக் கார் என்றாலே பேச்சு வேகத்தில்தான் தொடங்குகிறது. எத்தனை விநாடியில் நூறைத் தொடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. கார்த்திகை பிறந்ததிலிருந்து தை முடியும்வரை, இருட்டு விலகுவதற்கு முன்பே கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குக் கிளம்புகிறவனுக்கு அந்தக் கேள்வியால் பயன் இல்லை. எதிரே இருப்பது கண்ணுக்குத் தெரிந்த கணத்திலிருந்து எத்தனை அடியில் நிற்கும் என்பதே எனக்கு வேண்டிய கணக்கு. இந்தக் காரைப் பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான்.

என்னுடைய ஹூண்டாய் ஐ20 என் லைன் 2023-இல் புதுப்பிக்கப்பட்டு வந்த வடிவம், 6 கியர் மேனுவல். 998 சி.சி. மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 120 பி.எஸ். திறன், 172 என்.எம். முறுக்குவிசை. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். டயர் அளவு 195/55 ஆர்16. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. மற்ற வசதிகளை எந்த விளம்பரத்திலும் படித்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்துப் பனியை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர் சுமார் 900 மீட்டர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரியிலும் அணையிலும் நீர் நிற்கும் காலத்தில், மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் தரை வேகமாகக் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று அப்படியே மூடுபனியாகிறது. தேசிய நெடுஞ்சாலை 44-இல் குருபரப்பள்ளி தாண்டி மேலுமலை ஏறும்வரை சாலை தெளிவாகவே இருக்கும். சூளகிரியை நெருங்கும்போது முன்னே போகும் லாரியின் பின்விளக்கு மறைந்துவிடும்.

ஐம்பது மீட்டர்தான் தெரிகிறது என்று வையுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. பார்த்து, புரிந்து, காலைப் பிரேக்கில் வைக்க ஒன்றரை விநாடி என்றால் 25 மீட்டர் போயிற்று. ஈரச்சாலையில் நிற்க இன்னொரு 25 மீட்டர். ஆக 60-இல் போனால் கண்ணுக்குத் தெரியும் தூரம் முழுவதும் செலவாகிவிடுகிறது. 80-இல் போனால் எண்பது மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். அதனால் அந்தப் பகுதியில் நான் 45-ஐத் தாண்டுவதில்லை. ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு 45-இல் போகிறாயே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 45-இல் போகும்போதுதான் இந்தக் காரின் அருமை தெரிகிறது என்பேன். ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியோ, கரும்பு ஏற்றிய டிராக்டரோ திடீரென்று முளைக்கும்போது பிரேக் மிதி கல்போல உறுதியாக இருக்கிறது. ஸ்டீயரிங் சொன்ன இடத்துக்குத் திரும்புகிறது. கார் சாய்ந்து ஆடுவதில்லை. இதற்கு முன் வைத்திருந்த உயரமான வண்டியில் இந்த நம்பிக்கை எனக்கு வந்ததே இல்லை.

மனைவியின் தம்பி கனடாவில் மான்ட்ரியல் நகரில் இருக்கிறார். அவரிடமும் இதே போன்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார்தான். அங்கே உறைபனியில் கார் ஓட்டுவது வேறு உலகம். அந்த நகரம் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போடுவது சட்டப்படி கட்டாயம். வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்துவிடும் என்பதே காரணம். "மாமா, நீங்களும் டயரை மாற்றிவிடுங்கள்" என்று அவர் அக்கறையோடு சொல்வார். ஓசூரில் விடியற்காலை 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம்தான். ஆனால் அந்த 7 டிகிரிக் கதை இங்கே இல்லை. நமக்கு அந்த டயர் வேண்டாம். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறொன்று: காற்றழுத்தம்.

வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி குறைந்தால் டயரின் காற்றழுத்தம் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. (பங்கில் காற்றை அளக்கும் அலகு) குறையும். பிற்பகல் வெயிலில் பெட்ரோல் பங்கில் சரியாக நிரப்பிய காற்று, மறுநாள் விடியலில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைந்திருக்கும். பக்கச்சுவர் குட்டையான இந்த டயருக்கு அது நல்லதல்ல. குழியில் இறங்கினால் அலாய் சக்கரத்தின் விளிம்பு அடி வாங்கும். கையடக்க அளவுமானி ஒன்றை வாங்கி, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்த்து, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புகிறேன்.

என்ஜினுக்கு இந்தப் பருவம் கொண்டாட்டம். 35 டிகிரிக் காற்றைவிட 15 டிகிரிக் காற்று சுமார் 7 சதவீதம் அடர்த்தி கூடியது. உயரம் ஏற ஏற காற்று மெலிவதால் டர்போ இல்லாத என்ஜின்கள் ஓசூரில் கொஞ்சம் சோர்வடையும். காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போ அந்தக் குறையைத் தெரியவிடுவதில்லை. மேலுமலை ஏற்றத்தில் நான்காவது கியரிலேயே ஏறிவிடுகிறது. ஆனால் காலையில் கிளப்பியவுடன் விரட்டக்கூடாது. நின்ற நிலையில் என்ஜின் ஓடும் வேகம் (ஐட்லிங்) தணிந்ததும் கிளம்பி, வெப்பநிலைக் காட்டி நடுவுக்கு வரும்வரை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்குள் ஓட்டுகிறேன். நிறுத்தி வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றுவது பெட்ரோலுக்குக் கேடு.

விளக்கு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. லோபீம் மட்டும் போதும். முன் பம்பரில் தாழ்வாக ஒரு ஜோடி மஞ்சள் விளக்குகளைப் பொருத்தியிருக்கிறேன். மஞ்சள் நிறம் பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்பது நம்பிக்கைதான். கண் கூசுவது குறைகிறது, அவ்வளவே. விளக்கு தாழ்வாக இருப்பதும், ஒளி மேலே சிதறாமல் இருப்பதுமே உதவுகின்றன. நான்கு இண்டிகேட்டரையும் மின்னவிட்டபடி ஓட்டுவதை எல்லோரும் நிறுத்த வேண்டும். நின்றிருக்கிறதா, நகர்கிறதா, எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாது.

முன்கண்ணாடி உள்பக்கம் மங்கினால் ஏ.சி.யைப் போட்டு, வெப்பத்தைக் கூட்டி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் தெளிந்துவிடும். ஏ.சி. ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. குளிர்காலத்தில் ஏ.சி. எதற்கு என்று என் தந்தை முதலில் கேட்டார். இப்போது அவரே பொத்தானை அழுத்துகிறார்.

இனி கஷ்டங்கள். மாமனார் வீடு தளிப் பக்கம். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் இந்தப் பருவத்தில் கேழ்வரகு, கொள்ளு அறுவடை நடக்கும். தாளைச் சாலையில் பரப்பி, வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று விடுகிறார்கள். களத்துக்கு இடமில்லாதவர்கள் வேறென்ன செய்வார்கள்? பனியில் நனைந்த தாளின் மேல் பிரேக் பிடித்தால், அகலமான டயராக இருந்தாலும் வழுக்கும். வெயில் ஏறியபின் வேறு ஆபத்து: தாழ்வான அடிப்பகுதியில் காய்ந்த கொள்ளுத் தாள் சுற்றிக்கொண்டு, சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். நான் முடிந்தவரை தாளைத் தவிர்த்து ஓரமாகப் போகிறேன். முடியாவிட்டால் மெதுவாகக் கடந்து, சற்றுத் தூரத்தில் நிறுத்தி அடியில் பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன். இறுக்கமான சஸ்பென்ஷனுக்கு அந்தச் சாலைகள் பொருந்தாது. பின்னிருக்கையில் உட்கார்ந்து வரும் அம்மாவுக்கு முதுகு வலிக்கிறது. வயதானவர்கள் அடிக்கடி பயணிக்கும் வீடு என்றால் இந்தக் காரை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

யானைகளைச் சொல்லாமல் விட முடியாது. கேழ்வரகு விளையும் காலத்தில் கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜவளகிரி வழியாக இறங்கி, ஓசூருக்குப் பக்கத்தில் சானமாவு காட்டில் தங்கும். நெடுஞ்சாலையையே கடக்கும். பனியில் யானையின் நிறமும் பனியின் நிறமும் ஒன்றுதான். காட்டோரப் பகுதியில் உயர்ந்த கியரில், சுற்றைக் குறைத்து, சைலன்சரின் உறுமல் கேட்காதபடி ஓட்டுகிறேன். முன்னே யானை தெரிந்தால் தள்ளி நிறுத்தி, ஹார்ன் அடிக்காமல் காத்திருப்பதுதான் ஒரே வழி.

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் மூன்றாவது கியரை விடுவதில்லை. நியூட்ரலில் இறங்கும் லாரி பின்னால் வருகிறதா என்று கண்ணாடியில் ஒரு கண் எப்போதும் இருக்கும்.

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் அளவில் கிடைக்கிறது. பனிக்காலத்தில் ஒன்று குறைகிறது. அடுத்த செலவு டயர். சட்டம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் வரை அனுமதித்தாலும், 3 மில்லிமீட்டருக்குக் கீழே ஈரச்சாலையில் பிடிப்பு சரியத் தொடங்குகிறது. என் முன் டயர்கள் அந்த அளவை நெருங்கிவிட்டன. நீண்ட நாள் உழைக்கும் டயரைவிட ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயராகப் பார்த்து, ஐப்பசி மழைக்கு முன்பே நான்கையும் மாற்றப்போகிறேன்.