காரைப் பார்க்கும் முன்னால் கரண்டு பில்லைப் பாருங்க

பெட்ரோல் கார் வாங்கலாமா, பெட்ரோல் என்ஜினும் கரண்டு மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டா, இல்லை எலக்ட்ரிக்கே எடுத்துவிடலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட் ஓடுதுங்க?" என்பதுதான். காரைப் பற்றிக் கேட்டால் இவன் ரீடிங் எடுக்க வந்தவன் மாதிரி பேசுகிறானே என்று சிலர் முறைப்பார்கள். ஆனால் தினசரி ஓட்டத்துக்கு என்றால் மற்ற எல்லாக் கேள்வியும் இதற்குப் பின்னால்தான்.

நான் இருப்பது அவிநாசி. வேலை திருப்பூரில். வாரத்தில் ஓரிரு நாள் கோயம்புத்தூர், மாதத்தில் ஒருமுறை கோபி பக்கம் சொந்த ஊர். எல்லாம் சேர்த்து மாதம் 1,200, 1,300 கிலோமீட்டர் ஓடும். சொந்த வீடு, போர்டிகோவில் வண்டி நிற்கும். எடுத்தது நெக்ஸான் ஈவி, 45 யூனிட் பேட்டரி. அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மச்சான் சரவணம்பட்டியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார், ஹைபிரிட் வைத்திருக்கிறார். பெட்ரோல் கார் பற்றி எனக்குத் தெரிந்தது முன்பு பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டியது.

பெட்ரோலைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வாங்கும் விலை குறைவு, எந்த ஊரிலும் மெக்கானிக் உண்டு, விற்கப் போனால் ஆள் வரிசையில் நிற்பார்கள். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபிறகு நான்கு மீட்டருக்குள் வரும், 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் காருக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. இடைஞ்சல் ஒன்றுதான்: காந்திபுரத்திலும் திருப்பூர் குமரன் ரோட்டிலும் ஊர்ந்து போகும்போது லிட்டருக்கு 13, 14 கிலோமீட்டருக்கு மேல் தராது. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதில் இன்னும் கொஞ்சம் குறையும்.

சிஎன்ஜி எனும் அழுத்திய எரிவாயுவும் நம் பக்கம் வந்துவிட்டது. ஓட்டச் செலவு குறைவுதான். ஆனால் டிக்கியில் சிலிண்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதனைக்கு விட வேண்டும், மேட்டில் இழுவை குறையும். நான் சொந்தமாக ஓட்டியதில்லை என்பதால் இதோடு விட்டுவிடுகிறேன்.

ஹைபிரிட் என்றால் எந்த ஹைபிரிட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மைல்டு ஹைபிரிட் என்று விற்பது என்ஜினுக்குச் சின்ன ஒத்தாசை மட்டும் செய்யும், கரண்டில் தனியாக ஓடாது. ஸ்ட்ராங் ஹைபிரிட்தான் நிஜமான சரக்கு. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டிலும் 2022-லிருந்து வருவது ஒரே அமைப்பு: ஒன்றரை லிட்டர் என்ஜின், கூடவே முக்கால் யூனிட் அளவுக்கு ஒரு குட்டி பேட்டரி. சோதனைச் சான்றிதழில் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். மச்சானுக்குக் கிடைப்பது 21, 22. ஒரு விஷயத்தில் இந்த வண்டி மற்றதற்கு நேர்மாறு: நெரிசலில்தான் மைலேஜ் கூடும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரி ஏறி, மெதுவாக ஊரும்போது என்ஜின் அணைந்தே கிடக்கும். சேலம் ரோட்டில் நூறில் பிடித்துப் போனால் அந்த லாபம் சுருங்கிவிடும். எங்கேயும் பிளக் தேட வேண்டாம், பங்கு இருக்கும் ஊர் எல்லாம் அதற்கு ஊர்தான். வரிதான் வலிக்கும். மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், நான்கு மீட்டரைத் தாண்டும் ஹைபிரிட்டுக்கு 40. சாலை வரி வேறு. தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையான காருக்கு 18 சதவீதம், அதாவது 15 லட்சம் காருக்கு 2,70,000 ரூபாய். நான் எடுத்தபோது மின்சாரக் காருக்கு அது முழு விலக்கு. நீங்கள் எடுக்கும் நாளில் அந்தச் சலுகை நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கரண்டு பில். கார் சார்ஜ் போட்டால் பில் எகிறிவிடும் என்று நம் பக்கம் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது, அளவுதான் தப்பு.

நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101-லிருந்து 200 வரை 2.35, அடுத்த 200-க்கு 4.70, அதற்கு மேல் 6.30 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய், 101-லிருந்தே 4.70 ஆகிவிடும். 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, அதற்கு மேல் 11.55. இது 2024 ஜூலையில் வந்த கட்டணம்.

கார் இல்லாமல் 450 யூனிட் ஓடும் வீடு என்று வைத்துக்கொள்வோம், எங்கள் வீடு ஏறத்தாழ அதுதான். பில் 1,490 ரூபாய். என் வண்டி, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, மீட்டர் கணக்கில் யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் தருகிறது. இரண்டு மாதத்துக்கு 2,500 கிலோமீட்டர் என்றால் 385 யூனிட். 450 போய் 835 ஆகிறது, பில் 5,137. பில்லை மட்டும் எடுத்துக் காட்டினால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும், மூன்று மடங்குக்கு மேல் ஆயிற்றே! ஆனால் கூடியது 3,650 ரூபாய்தான். யூனிட்டுக்கு ஒன்பதரை ரூபாய், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயை ஒட்டி.

அதே 2,500 கிலோமீட்டரை லிட்டருக்கு 14 தரும் பெட்ரோல் காரில் ஓட்டினால், பெட்ரோலை 100 ரூபாய் என்று வைத்தாலே 17,850 ரூபாய். லிட்டருக்கு 21 தரும் ஹைபிரிட்டில் 11,900. வருஷத்துக்குப் பெருக்கினால் ஹைபிரிட்டை விட எனக்கு மிச்சம் 50,000 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட, பெட்ரோலை விட 85,000.

சரி, இரண்டு ஏசி ஓடி ஏற்கெனவே 900 யூனிட் வரும் வீடு என்றால்? காருக்கான யூனிட்டில் பெரும்பகுதி 11.55-இல் விழும். அப்போதும் கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் ரூபாய்தான், ஹைபிரிட் செலவில் பாதிகூட இல்லை. ஆக, கட்டணத்தின் மேல் படிக்கட்டுக்குப் பயந்து யாரும் பின்வாங்க வேண்டாம்.

பின்வாங்க வேண்டியது, வண்டி நிற்கும் இடத்துக்குத் தங்கள் மீட்டரிலிருந்து கரண்டு கொண்டுவர முடியாதவர்கள். வெளியே பாஸ்ட் சார்ஜரில் ஜிஎஸ்டியோடு யூனிட்டுக்குப் பெரும்பாலும் 20 ரூபாய்க்கு மேல் ஆகிறது. கிலோமீட்டர் மூன்று, மூன்றரை ரூபாய்க்கு வந்து நிற்கும். ஹைபிரிட்டோடு பார்த்தால் வித்தியாசம் ஒரு ரூபாய் சொச்சம். அதற்காக ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்திருக்க முடியாது. மச்சான் குடியிருப்பில் பார்க்கிங் அடித்தளத்தில், அவர் மீட்டர் வேறு மூலையில். கேபிள் இழுக்கச் சங்கத்தில் அனுமதி கேட்டுப் பார்த்தார், கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிப்போனது. "இதுக்கு மேல என்னால பேச முடியாது மாப்பிள்ளை" என்று ஹைபிரிட் எடுத்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

தோட்டத்து வீட்டுக்காரர்கள் சிலர் கண்ணடித்துக்கொண்டு கேட்பார்கள், மோட்டார் சர்வீஸில் கரண்டு இலவசம்தானே, அதில் போட்டால் என்ன என்று. போடாதீர்கள். விவசாயத்துக்குக் கொடுத்த இணைப்பை வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் முறைகேடுதான், பிடித்தால் அபராதம் உண்டு. வீட்டு இணைப்பிலேயே போட்டுக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்து மோட்டார் எல்லாம் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் படுத்துவிடும் ஊராக இருந்தால் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஏறும்படி டைமர் வைத்துவிடலாம்.

வயரிங் பற்றியும் ஒரு வார்த்தை. 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் என் பேட்டரி காலியிலிருந்து நிறைய 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினமும் 40, 50 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அதுவே போதும், ராத்திரி மூன்று நான்கு மணி நேரத்தில் செலவானது ஏறிவிடும். 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டும் என்றால் மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து லோடு கூட்ட வேண்டும், சிங்கிள் பேஸ் வீடாக இருந்தால் மூன்று பேஸுக்கு மாற வேண்டிவரும். எதைச் செய்தாலும் முதலில் எலக்ட்ரீசியனை வைத்து எர்த் பாருங்கள். பழைய வீடுகளில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றியே பல வருஷம் ஆகியிருக்கும், கார் சார்ஜ் எடுக்க மறுக்கும்.

பராமரிப்பில் எலக்ட்ரிக்குக்கு ஆயில் இல்லை, பெல்ட் இல்லை, பிரேக் பேட் சீக்கிரம் தேயாது. பம்பும் மோட்டாரும் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊர்க்காரர்களுக்கு மோட்டாரைக் கண்டு பயப்பட என்ன இருக்கிறது என்று நான் கிண்டல் செய்வதுண்டு. டயர் மட்டும் எடை காரணமாகக் கொஞ்சம் சீக்கிரம் தேய்கிறது. ஹைபிரிட்டில் என்ஜின் வேலை அப்படியே இருக்கிறது, பெட்ரோல் காருக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்தாக வேண்டும். கூடவே பல மாடல்களில் பேட்டரிக்குக் காற்றுப் போகும் வடிகட்டியில் தூசு சேராமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

மலைக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏற, சமதளத்துச் செலவுக்கு மேல் பத்து யூனிட்டை ஒட்டிக் கூடுதலாகக் குடிக்கும். இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்துக் கரண்டாக்கி, அதில் பாதிக்கு மேல் திரும்ப வரும். ஊட்டியில் முழுசாக ஏற்றிவிட்டு இறங்கினால் மட்டும் அந்தக் கரண்டு போக இடமில்லாமல் பிரேக்கைத்தான் நம்ப வேண்டும், எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு கிளம்புவது நல்லது. ஹைபிரிட்டின் குட்டி பேட்டரி முதல் சில வளைவிலேயே நிறைந்துவிடும், அப்புறம் என்ஜின்தான் பிடித்து நிறுத்தும். திம்பத்தின் 27 கொண்டை ஊசியும் வால்பாறையின் 40-ம் எதற்கும் பிரச்சினை இல்லை. மேலே சார்ஜர் ஒன்று வேலை செய்யாவிட்டால் எலக்ட்ரிக்காரருக்கு வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான். எனக்குக் கலக்கியிருக்கிறது.

ஒருமுறை முழுசாக ஏற்றினால் என் வண்டி ஓடும் தூரம் சான்றிதழில் 489 கிலோமீட்டர் என்று இருக்கும், ஏசி போட்டு ஓட்டினால் எனக்கு வருவது 300-க்கும் 330-க்கும் நடுவில். மாதம் இருமுறை சென்னை போய் வருகிறவராக இருந்தால் ஹைபிரிட்தான் நிம்மதி.

மறுவிற்பனையில் நான் உறுதியாகப் பேச முடியாது, என் வண்டி இன்னும் சந்தைக்குப் போகவில்லை. பழைய கார் புரோக்கர்கள் எலக்ட்ரிக் என்றால் உதட்டைப் பிதுக்குகிறார்கள், அது நிஜம். நான் எடுத்தபோது பேட்டரிக்குச் சொன்னது 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம், ஹைபிரிட் பேட்டரிக்கும் அதேதான். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதற்கு என் கையில் அனுபவம் இல்லை. எட்டு வருஷம் ஓட்டினால் ஓட்டச் செலவில் மிச்சமாவதே பாதிக் கார் விலையைத் தொட்டுவிடும் என்ற கணக்கில் எடுத்தேன். மூன்று நான்கு வருஷத்தில் வண்டி மாற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

குறைய ஓட்டுகிறவர்களுக்கும் ஒத்துவராது. காங்கேயத்தில் எங்கள் பெரியப்பாவுக்கு மாதம் 400 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். அதே 450 யூனிட் வீடு என்று வைத்துப் பார்த்தால் அவருக்குப் பெட்ரோலை விட வருஷத்துக்கு 27,000 ரூபாய்தான் மிச்சம், கூடுதலாகக் கொடுத்த விலை திரும்பவே பல வருஷம் பிடிக்கும். "சின்னதா ஒரு பெட்ரோல் கார் எடுத்துக்கங்க பெரியப்பா, மிச்சப் பணத்துல மாடியில சோலார் போடுங்க" என்றேன். மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய், நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் வரும், ஆடிக் காற்றோடு மேகம் மூடும் மாதங்களில் குறையும். கார் இன்னும் முடிவாகவில்லை, மாடியை அளக்க ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறார்.