வில்லுக்குப் போவதா, சுண்டிக்குளத்துக்குப் போவதா?

காட்டுக்குள் இருக்கிற ஒரு நீர்நிலையைப் பார்க்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வில்பத்துவைத்தான், அங்கே ‘வில்லு’ என்று சொல்லும் இயற்கை நீர்நிலைகளைத்தான், நினைக்கிறார்கள். நான்கைந்து மணி நேர ஓட்டம், அநுராதபுரத்தில் ஓர் இரவு, விடியப்புறம் ஜீப். இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய சுண்டிக்குளமும் ஒரு தேசியப் பூங்காதான் என்பது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. இரண்டுமே 1938 இல் அரசிதழ் ஏறியவை. வில்பத்து அப்போதே தேசியப் பூங்கா, சுண்டிக்குளம் சரணாலயம். சுண்டிக்குளம் தேசியப் பூங்காவானது 2015 இல்.

விலங்கு, பறவை எல்லாம் பிறகு. முதலில் தண்ணீர் அங்கே எப்படி வந்து நிற்கிறது என்று பார்ப்போம்.

வில்பத்துவின் வில்லுக்குக் கட்டு இல்லை, தண்ணீர் திறந்துவிடும் துருசு இல்லை, மிஞ்சிய வெள்ளம் வழியும் வான் இல்லை. வன்னிக் குளங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுவே முதலில் விசித்திரமாக இருக்கும். ஆழமில்லாத ஒரு பள்ளம், சுற்றிலும் மணல் விளிம்பு, உள்ளே மழைத்தண்ணீர், அவ்வளவுதான். பள்ளம் எப்படி வந்தது என்பதற்கு விடை நம் வீட்டுக் கிணற்றடியிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறு வெட்டும்போது தட்டுப்படும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல் இங்கேயே முடிந்துவிடுவதில்லை. மன்னார் வழியாக மேற்குக் கரையோரமாகப் புத்தளம் வரை போகிறது. மழைநீர் அந்தக் கல்லை மெல்ல மெல்லக் கரைக்க, மேலிருந்த மணல் தாழ்ந்து உண்டான பள்ளங்களே வில்லுகள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். குடாநாட்டின் நிலாவரைக் கிணறும் இதே கல்லின் வேலைதான். அங்கே கரைந்த குகையின் கூரை இடிந்து விழுந்ததால் செங்குத்தான கிடங்கு. இங்கே மணல் மூடியிருப்பதால் சரிவான தட்டு.

சுமார் 1,300 சதுர கிலோமீற்றர் பூங்காவில் இப்படி வில்லும் குளமுமாக அறுபதுக்கு மேல் இருக்கின்றன. ஒன்றின் கரையில் ஜீப்பை நிறுத்தி, நடுவிலிருந்து வெளியே பார்த்துக்கொண்டே வாருங்கள். நடுவில் ஆம்பல், தாமரை. அப்புறம் கோரை. அதற்கப்பால் தண்ணீர் வற்ற வற்றக் கீழே இறங்கிவரும் குறும்புல். மான் மேய்வது அங்கேதான். பிறகு வெறும் மணல் விளிம்பு, கடைசியில் வீரையும் பாலையுமாகக் காடு. தண்ணீர் எந்த மாதம் எதுவரை நின்றது என்பதை இந்த வளையங்களை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். கடலிலிருந்து தள்ளி, காட்டுக்கு உள்ளே இருந்தும் ஓரிரு வில்லுகளில் தண்ணீர் உவர்ப்பு. ஜீப்புக்காரரிடம் கேட்டால் எது என்று காட்டுவார், கேட்காவிட்டால் சொல்லமாட்டார். அவருக்குச் சிறுத்தையைத் தேடும் அவசரம்.

அந்த அவசரம்தான் வில்பத்துவில் எனக்குப் பிடிக்காதது. தொலைபேசியில் ஒரு செய்தி வந்தால் போதும், நல்ல வில்லுக் கரையை விட்டுவிட்டு எல்லா ஜீப்பும் ஒரே பக்கம் பறக்கும். குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கவும் முடியாது. அது சரியான விதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் மணலை மிதிக்காமல் பார்க்கும் புவியியல் பாதிப் புவியியல்.

சுண்டிக்குளம் இதற்கு நேர்மாறு. அதற்கு நிலையான கரையே கிடையாது. பெயரில் குளம், உண்மையில் கடல்நீரேரி: கிழக்கே ஒடுக்கமான மணல் திட்டு, திட்டில் மாரிக்குக் கடலோடு திறந்து கோடைக்கு அடைபடும் முகம், மேற்கே ஆனையிறவில் ஏ9 வீதியின் கட்டு. அந்தக் கட்டு போடப்படும் முன் இந்த நீருக்கு யாழ்ப்பாணக் கடல்நீரேரியோடு தொடர்பு இருந்தது. தெற்கிலிருந்து கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் வந்து விழுகின்றன. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியதுதான் இரணைமடுக் குளம்; மார்கழியில் இரணைமடுவின் வான் கதவுகள் திறந்தால், கண்டாவளைப் பக்கத்து வயல்களை மூழ்கடித்துக்கொண்டு போகும் வெள்ளம் வந்து சேருமிடம் இதுதான். அந்த நாட்களில் ஏரித் தண்ணீரின் உப்பு குறையும். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசத் தொடங்கியதும் கதை மாறும். தண்ணீர் பின்வாங்கி, வெடித்த சேறு தெரியும், சேற்றின் மேல் உப்புப் படை வெள்ளையாகப் பூக்கும், நடந்தால் செருப்படியில் நொறுங்கும். ஒரே இடத்தைத் தை மாதத்திலும் ஆவணியிலும் படம் எடுத்து வைத்தால் ஒன்றென்று யாரும் நம்பமாட்டார்கள்.

இந்த மாரித் தண்ணீரைக் கடலுக்கு விடாமல் தேக்கி நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொண்டுபோனால் குடாநாட்டுக் கிணறுகளின் உப்பு குறையும் என்பதுதான் நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகத்தின் 1950களின் திட்டம். தொண்டைமானாற்றுத் தடுப்பணை அதன் ஒரு பகுதி. முள்ளியான் வாய்க்கால் அப்போது அரைகுறையில் நின்றுபோனது. வில்லைப் பற்றி இப்படிச் சொல்ல ஒரு கதையும் இல்லை. அது மழைக்கும் கல்லுக்கும் இடையிலான விவகாரம். சுண்டிக்குளத்தில் ஆறு, கடல், வீதி, பொறியியல், கரையில் வாடி (தற்காலிகக் குடில்) போட்டிருக்கும் கடற்றொழிலாளர் என்று எல்லோருக்கும் பங்கு உண்டு. அதனால்தான் என் ஓட்டு சுண்டிக்குளத்துக்கு.

பறவை பார்க்க என்றாலும் அதுவே. ஐப்பசி முதல் பங்குனி வரை வலசைப் பறவைகள். பூநாரை வந்தால் சேற்று நீரின் நடுவே கூட்டமாக நிற்கும். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் உண்டு. யானை, கரடி, சிறுத்தை வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடித்தால் வில்பத்துதான், வேறு வழியில்லை. அதற்கும் கோடையே நல்லது. சின்ன வில்லுகள் வற்றி, மிச்சமிருக்கும் தண்ணீருக்கு எல்லா விலங்கும் வந்தாக வேண்டும். அந்த மாதங்களில் சுண்டிக்குளத்துக்குப் போனால் வெயிலும் உப்பும்தான் மிச்சம்.

எனவே ஆடி, ஆவணி விடுமுறைக்கு வில்பத்து. தை, மாசியில் சுண்டிக்குளம். பருத்தித்துறையிலிருந்து நாகர்கோவில், மருதங்கேணி வழியாகக் கரையோரமே போகலாம்; ஏ9 இல் வருகிறவர்கள் இயக்கச்சியில் திரும்பிக் கட்டைக்காட்டுப் பக்கம் வரலாம். தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள். முகம் திறந்திருக்கிறதா, எந்தப் பக்கம் சேறு தாழும் என்பதைக் கரையில் வலை காயப்போடுகிறவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.